இடது லென்ஸை மூடிய துணி

ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்த அஸ்வினி, நெற்றியில் அழுந்தியிருந்த கோட்டைத் தேய்த்துக்கொண்டே, "சூப்பரா போச்சுபா. இன்னிக்கு ஒரு எடத்துலகூட இடிக்கல" என்றாள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இடது லென்ஸை முழுசாக மூடிக்கொண்டு, நான் துடைக்கிற மஞ்சள் துணி மடித்தது மடித்தபடி சொருகியிருந்தது. நாஷ்டாவுக்கு மணி அடித்த அவசரத்தில் நான்தான் அதை அங்கேயே விட்டுப் போயிருக்கிறேன். அவள் அதோடுதான் உட்கார்ந்து, இல்லாத கிரேனில் இல்லாத இரும்புச் சுருள்களைத் தூக்கி, இல்லாத லாரியில் ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறாள். பாதி உலகத்தைத் துணி போட்டு மூடியிருப்பதாக ஒரு புகாரும் இல்லை.

"இன்னா, பேயப் பாத்தா மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்று துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். விரல்களுக்கு இடையே மஞ்சள் நுனி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பேக்கிங் பக்கம் போய்விட்டாள்.

என் பதவியின் பெயர் டிஜிட்டல் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். திருநின்றவூரில் என் அம்மா இதைப் பக்கத்து பிளாட்டுக்காரர்களிடம் மூச்சு வாங்காமல் சொல்லிப் பழகியிருக்கிறாள். வேலை என்னவென்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் பழைய சாக்கு ரூமில் உட்கார்ந்து ஹெட்செட் துடைப்பது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் எட்டு செமஸ்டரில் சொல்லித்தராத பாடம் அது. ஒருநாள் முடிவில் அந்தப் பஞ்சுப் பட்டையில் சேர்ந்திருக்கிற விபூதி, குங்குமம், தேங்காய் எண்ணெய், ஒட்டுப்பொட்டு எல்லாவற்றையும் வைத்துச் சின்னதாக ஒரு கோயில் நடத்தலாம். உரிமையாளர் தெரியாத பொட்டுகளை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தேன். பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன் சார் அதைப் பார்த்துவிட்டு, "மானிட்டர் எந்த சாமிக்குப்பா வேண்டிக்கினு கீது?" என்று கேட்டார். நல்ல மனுஷன். கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளிப் பார்க்க வேண்டும் என்று என் தலைக்கு மேல் ஒரு போஸ்டர் ஒட்டியவரும் அவர்தான். ரூமின் நீளம் பத்து அடி. நான் ஒரே சுவரை இரண்டு முறை பார்த்துக்கொள்வேன்.

முன்பெல்லாம் கிரேன் பழக நிஜ கிரேனில் ஏற வேண்டும். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து இதை மாட்டினால் போதும். சாக்கு ரூமும் தெரியும், அதற்கு நடுவில் கூரையோடு ஓடுகிற கிரேனும் தெரியும், உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே எட்டிப்பார்த்தால் கிடுகிடு பள்ளத்தில் லாரியும் தெரியும். இதில் ஒரு சிக்கல். ஸ்கிரீன் இருப்பது கண்ணுக்கு ரெண்டு விரல் தூரத்தில். படமோ லாரி எங்கோ கீழே இருக்கிறது என்கிறது. பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதா, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதா என்று ரெண்டு கண்ணுக்கும் தகராறு வரும். பஞ்சாயத்து மூளைக்குப் போகும். மூளை, நமக்கெதற்கு வம்பு என்று வயிற்றின் பக்கம் தள்ளிவிடும்.

அப்படித்தான், மேலேயிருந்து எப்படித் தெரியும் என்று மாட்டிப் பார்த்த கலியண்ணன் வாந்தியெடுத்தார். கலியண்ணன் பழவேற்காட்டுக்காரர். அப்பாவும் தம்பிகளும் இன்னும் ஏரியில் வலை போடுகிறவர்கள். இவர் கம்பெனியில் கிரேனுக்குக் கீழே நின்று, சுமைக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, மேலே இருக்கிற ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிறவர். முகத்துவாரத்தில் படகு எகிறிக் குதிக்கும்போது பீடி பற்றவைத்த மனுஷர், ஏசி ரூமில், ஆடாத நாற்காலியில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தார். அன்றிலிருந்து அவரைத் தாண்டிப் போகிற யாரும் "இன்னா கலியண்ணே, கடல் எப்டி கீது?" என்று விசாரிக்காமல் போனதில்லை.

பெண்களைக் கிரேன் ஆபரேட்டர் ஆக்கப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தபோது ரோஜாவும் அஸ்வினியும் கை தூக்கினார்கள். ரோஜா ரெண்டாவது நாளே தலைசுற்றிக் கேன்டீன் கதவில் முட்டிக்கொண்டு, பேக்கிங்கே போதும் சாமி என்று திரும்பிவிட்டாள். அஸ்வினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருநாளும் ஆகவில்லை. வெளியே வந்ததும் கேன்டீனுக்குப் போய் தயிர்சாதம் சாப்பிடுவாள். "பொறவி கிரேன் ஆபரேட்டர்யா இது" என்று சந்திரமோகன் சார் காலைக் கூட்டத்தில் எல்லாரையும் கைதட்ட வைத்தார். நோட்டீஸ் போர்டில் அவள் படம் ஏறியது. சுமையை இறக்கும்போது தலையை இடதும் வலதுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இறக்குவாள், கோழி தானியம் பார்ப்பதுபோல. நான் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். வேலை நேரத்தில் நான் மானிட்டரைப் பார்க்காமல் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மானிட்டரில் அவள் பார்ப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று கம்பெனி நம்பிக்கொண்டிருந்தது. அவளுக்குக் காட்டப்படுவதுதான் எனக்குத் தெரியும். அவள் பார்ப்பது வேறு.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அவள் புதுவாயல் கூட்டு ரோட்டில் இறங்கி, அங்கே நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரணிக்குப் போக வேண்டும். டீயை ஆற்றிக்கொண்டே, லாரிகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்தத் துணி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது."

"ம். அது டூட்டிக்கு வராத கண்ணு. அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கும். ஆள் வராது."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

"மொத்தமா தெரியாதா?"

"வெளிச்சம் தெரியும். நீ நிக்கிறது தெரியும். நீயா வேற யாருனா நிக்கிறாங்களான்னு தெரியாது. சோம்பேறிக் கண்ணுன்னு பேராம். ஸ்கூல்ல ஒருதபா கேம்ப் போட்டாங்க. நல்ல கண்ண மூடிக்கினு இந்தச் சோம்பேறிய வெச்சுப் பாத்துப் பழகுன்னு ஒரு பட்டை குடுத்தாங்க. அத்த ஒட்டிக்கினு வரப்புல நடந்து சேத்துக்குள்ள உயுந்தேன். எங்கம்மா பட்டையப் பிச்சிப் போட்டுச்சு. 'உள்ள கண்ணையும் மூடச் சொன்னானே, எவன் அவன்'னு ஒரே சண்டை. அத்தோட சரி."

"இங்க சேரும்போது கண் டெஸ்ட் எடுத்தாங்களே?"

"எடுத்தாங்க. ஒரு கண்ண மூடிக்கினு படின்னாரு. இடது கையால இடது கண்ண மூடிக்கினு படிச்சேன். இப்ப அடுத்த கண்ணுன்னாரு. கைய மாத்திக்கினேன்."

"அப்புறம்?"

"கையத்தாம்பா மாத்துனேன்" என்று செய்து காட்டினாள். வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அதே இடது கண்ணை மூடினாள். "அவரு போர்டப் பாத்துக்கினு இருந்தாரு. என்னப் பாக்கல."

நான்கு ஷிப்ட் ஆட்களையும் எண்பது மிஷினையும் கேமரா வைத்துக் கண்காணிக்கிற கம்பெனியை ஒரு உள்ளங்கை ஏமாற்றியிருக்கிறது. எனக்கு எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் ஹெட்செட் விஷயமும் புரிந்தது. ரெண்டு கண்ணும் தகராறு செய்தால்தானே தலைசுற்றும். அவளுக்கு ஒரே கண். தகராறு செய்ய எதிர்த்தரப்பு வரவேயில்லை. தலையை ஆட்டியது ஸ்டைல் இல்லை. ஒரு கண்ணால் தூரத்தை அளக்க அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. ஆட்டும்போது பக்கத்தில் இருப்பது அதிகமாக நகரும், தூரத்தில் இருப்பது கொஞ்சமாக நகரும்.

"சொல்லிடுவியா?" என்றாள்.

கிரேன் வேலை கிடைத்தால் அவள் நிரந்தரம். கிடைக்காவிட்டால் பேக்கிங்கில் கான்ட்ராக்ட். கண் விஷயம் தெரிந்தால் பேக்கிங்கும் சந்தேகம்தான். பொய் சொல்லி உள்ளே வந்தவள் என்று ஆகிவிடும்.

"அஸ்வினி, கீழ ஆள் நிப்பாங்க."

"எனக்குத் தெரியாதா? கலியண்ணன் நிப்பாரு." குரல் ஏறியது. "டெய்லி ஸ்கூட்டில லாரிங்க நடுவுல வரேன். நாத்து நட்டிருக்கேன், ஊசில நூல் கோத்திருக்கேன். ஒண்ணுலயும் யாரும் வந்து ஒனக்கு எத்தினி கண்ணுன்னு கேக்கல. மேல ஏறிட்டா யாரும் என் தலைக்கு மேல நின்னுக்கினு கத்த முடியாது வசந்து. அந்தக் கம்பெனியிலயே அப்டி ஒரு எடம் அது ஒண்ணுதான்."

பஸ் வந்தது. அவள் டீ கிளாஸை வைக்கும்போது மேஜை விளிம்பை முதலில் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். எத்தனையோ நாள் அவளோடு டீ குடித்திருக்கிறேன். இதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், ரெண்டு கண்ணும் உள்ளவன்.

தங்கியிருக்கிற ரூமுக்குப் போய் செல்லில் தேடினேன். ஒரு கண் உள்ளவர் கிரேன் ஓட்டலாமா. கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒரு கண்ணும் ரெண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது ஒரு பக்கம். கூடவே கூடாது என்றது இன்னொரு பக்கம். பழகிவிட்டால் பரவாயில்லை, ஆனால் கிட்டத்தில் ஜாக்கிரதை என்றது மூன்றாவது. கண் சிமிட்டாமல் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் மண் விழுந்ததுபோல எரிந்தது. ஸ்கிரீன் பார்ப்பவர்கள் கண் சிமிட்ட மறந்துவிடுகிறார்கள் என்றும் அதிலேயே போட்டிருந்தது. சிமிட்டினேன். வேறு எந்தத் தெளிவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை சந்திரமோகன் சார் சாக்கு ரூமுக்குள் தலையை நீட்டினார். "நாளைக்கு அஸ்வினிய நிஜ கிரேன்ல ஏத்தி டெஸ்ட் வெக்கிறோம்பா. ஓக்கேன்னா ஆர்டர். உன் பக்கம் எதுனா குறை கீதா? இருந்தா இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லிடு."

"சொல்றேன் சார்" என்றேன். அவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

பேக்கிங் பக்கம் போய் அஸ்வினியிடம் சொன்னேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள். கடைசி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீ சொல்ல வேணாம்" என்றாள். "சொல்லாம இருக்கவும் வேணாம். ரெண்டும் உனக்குப் பேஜாரு. கீழ நிக்கிறவரைக் கேப்போம்."

அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மதியம் கேன்டீனில் கலியண்ணன் வீட்டு டப்பாவைத் திறந்து, மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்த அஸ்வினி முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

"அண்ணே, எனக்கு இடது கண்ணு தெரியாது."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "வெளாடாத."

"நெஜமா. அதான் எனக்கு அத்த மாட்டிக்கினா தல சுத்தல."

நான் கண்கள் தகராறு செய்கிற கதையை விளக்கினேன். கலியண்ணன் கவனமாகக் கேட்டார். கடைசியில் அவர் முகம் பல மாதத்துக் கறை ஒன்றைக் கழுவிவிட்டதுபோல மாறியது.

"அப்ப நான் ரெண்டு கண்ணாலயும் ஒய்ங்கா பாத்ததுக்குத்தான் வாந்தியா?"

"ஆமாண்ணே."

"இத்த அன்னிக்கே மைக் வெச்சு சொல்றதுக்கின்னா? ஊரே என்னக் கழுவி ஊத்துச்சு!" பக்கத்து மேஜைக்குச் சொல்லவே திரும்பிவிட்டார். பாதி திரும்பியவர் நிறுத்தினார். சொன்னால் எதைச் சொன்னதாகும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான கீழ நிக்கணும்" என்றார்.

"அதான்ணே உன்ன கேக்கறேன். நீ வேணாம்னா வேணாம். இப்பவே சார்கிட்ட போய் எனக்குக் கிரேன் வேணாம்னு சொல்லிடறேன். உன் பேரு வராது."

"எம்பொண்ணு பத்தாவது படிக்குது."

"தெரியும்ணே."

"சின்னவன் இன்னும் என் கால் மேல தூங்குறான்."

அஸ்வினி தலையசைத்தாள். அவள் கண்ணில் நீர் வரவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கலியண்ணன் மீன் துண்டு ஒன்றை எடுத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, அவள் தட்டில் வைத்தார். அது சம்மதமா, ஆறுதலா, பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சாப்பிட்டாள். அவர் எழுந்து குழாயடியில் டப்பாவைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வா. சாப்பாட்டு நேரம், ஷெட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. நான் பாக்கணும். சரியா எறக்கினன்னா சாயங்காலம் ரெண்டு பேரும் சந்திரமோகன் சார்கிட்ட போறோம். கண்ணு விஷயத்த நீயே சொல்லு, உன் கிரேனுக்குக் கீழ நிக்க ரெடின்னு நான் சொல்றேன். அப்புறம் அவர் இஷ்டம். சரியா எறக்கலன்னா, நீயே போய் வேணாம்னு சொல்லிடு. மனசுல வெச்சுக்காத."

"சரிண்ணே."

கிரேன் ஆபரேட்டர் மோசஸ் அண்ணன் மேலே கேபினில்தான் சாப்பிடுவார். பாப்பா கொஞ்சம் பழகட்டும் என்று கலியண்ணன் கீழேயிருந்து குரல் கொடுத்ததும், வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார், அவசர ஸ்விட்சுக்குப் பக்கத்தில். அஸ்வினி இரும்பு ஏணியில் ஏறினாள். கடைசிப் படியில் நின்று, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஷெட் அமைதியாக இருந்தது. மிஷின்கள் நின்ற பிறகுதான் கூரைத் தகரம் வெயிலில் டிக் டிக் என்று விரிகிற சத்தம் கேட்கிறது. மேல் ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்வாக விழுந்து, தூசி அதில் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தரையில் கிடந்த ஒரு இரும்புச் சுருளின்மேல் கலியண்ணன் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். "இத்த ஹூக்கால தொடணும். நசுங்குச்சுன்னா ஊட்ல எனக்கு நாளைக்கு சோறு கெடையாது."

சங்கிலி எதுவும் மாட்டாத வெறும் கொக்கிதான். வெறும் கொக்கியே ஒரு ஆள் உசரம், ரெண்டு ஆள் எடை. அது எங்கள் தலைக்கு மேலே நகர்ந்து வந்து நின்றது, இறங்க ஆரம்பித்தது. முதல் முறை டப்பாவுக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது. மேலே போனது. மறுபடி வந்தது. இந்த முறை இறங்கி, தயங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, டப்பா மூடியில் ணங் என்று ஒரு சத்தம். ஸ்பூனால் தட்டினால் வருமே, அவ்வளவுதான். டப்பா அசையவில்லை. நான் கத்திவிடப் போனேன். கலியண்ணன் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை விரலால் தடவினார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு, சுருளின்மேல் அது இருந்த இடத்தில் தன் வலது உள்ளங்கையை மல்லாத்தி வைத்தார்.

"அண்ணே, வேணாம். அதான் டப்பால சரியா..."

"கம்முனு இரு தம்பி. டப்பாவுக்குப் புள்ளைங்க கெடையாது."

கொக்கி இறங்கவில்லை. கேபின் கண்ணாடிக்குப் பின்னால் அஸ்வினி ரெண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மோசஸ் அண்ணன் எழுந்து நின்று எட்டிப்பார்த்தார். "டேய் கலியா, இன்னாடா பண்ற?" என்று அவர் கத்தியது ஷெட் முழுக்க எதிரொலித்தது.

கலியண்ணன் மோசஸைப் பார்க்கவில்லை. இடது கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார். மெதுவாக இறக்கு என்று அர்த்தம். தினமும் நூறு தடவை காட்டுகிற சைகைதான். இன்றைக்கு அந்த விரல்கள் லேசாக நடுங்கின. ஆனாலும் நிறுத்தவில்லை, காட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மோட்டார் முனகியது. கொக்கியின் நிழல் இரும்புச் சுருளின் விளிம்பில் ஏறி, அவர் மணிக்கட்டைத் தொட்டு, உள்ளங்கைக்குள் வந்தது.

நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணாந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த கலியண்ணன், என்னமோ நினைத்துக்கொண்டவர்போல, தன் இடது கண்ணை மூடிக்கொண்டார். ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தார். விரல்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்துகொண்டிருந்தன. நடுக்கம் நின்றிருந்தது. கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது.